கனெக்ஷன் ரெண்டு, கம்பம் ஒண்ணு



நேத்து ராத்திரி ஒரு மேட்ச் ஆடியிருப்பீங்க. அந்த அரை மணி நேரத்துல உங்க போன் மொத்தம் எத்தனை கனெக்ஷன் போட்டு வெச்சிருந்துச்சுன்னு சொல்ல முடியுமா?

"ஒண்ணுதான் ப்ரோ, வீட்டு வைஃபை"னு பல பேர் சொல்வீங்க. வைஃபை ரோடு மாதிரி. கனெக்ஷன்னு நான் சொல்றது அதுல ஓடுற வண்டிங்களை. லாகின், ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட், ஸ்கின் வாங்குற கடை இதுக்கெல்லாம் சில கனெக்ஷன். மேட்ச் நடக்குற சர்வரோட தனியா ஒண்ணு. டீம்மேட்டோட கத்திக் கத்திப் பேசுற வாய்ஸ் சாட்டுக்கு இன்னொண்ணு. பல கேம்ல அந்த வாய்ஸ் சர்வர் வேற ஒரு கம்பெனியோடதா இருக்கும். இதெல்லாம் ஒரே நேரத்துல, உங்களுக்குத் தெரியாமலே ஓடுது.

நான் ஃபைனல் இயர். எங்க டீமோட ப்ராஜெக்ட், ஆன்லைன்ல ஆடுற ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, ரெண்டு பேர் ரெண்டு ஊர்ல இருந்து ஆடலாம், கூடவே பேசிக்கலாம். அரியமங்கலத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து இதை எழுதும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. ஒரே நேரத்துல பல கனெக்ஷன் வெச்சுக்கறதுக்கு ரெண்டு வேற வேற காரணம் இருக்கு. ஒண்ணு, வேலையைப் பிரிச்சுக்க. இன்னொண்ணு, ஆபத்தைப் பிரிச்சுக்க. முதல் காரணத்துக்காக கேம் எழுதறவங்க எவ்வளவோ மெனக்கெட்டிருக்காங்க. ரெண்டாவதை நாம பணம் கொடுத்து வாங்கிட்டதா நினைக்கறோம், ஆனா பெரும்பாலும் வாங்கறதில்ல. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

வேலையைப் பிரிக்கறது

நம்ம நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வரும்: டிசிபிக்கும் யூடிபிக்கும் வித்தியாசம் என்ன? நாமளும் "கனெக்ஷன் ஓரியன்டட், கனெக்ஷன்லெஸ்"னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். கேம் எழுதும்போதுதான் அந்த ரெண்டு மார்க்கோட அர்த்தம் தெரியுது.

டிசிபி ரேஷன் கடை க்யூ மாதிரி. முன்னாடி நிக்கறவர் கார்டை மறந்துட்டு வீட்டுக்கு ஓடினா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் பின்னாடி நிக்கற யாருக்கும் அரிசி கிடையாது. அனுப்பின வரிசையிலேயே எல்லாம் போய்ச் சேரணும், ஒண்ணு தொலைஞ்சா அது மறுபடி வர்ற வரைக்கும் மத்ததெல்லாம் நிக்கணும். யூடிபி, ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு நோட்டீஸ் தூவிட்டுப் போற மாதிரி. கையில விழுந்தா விழுந்துச்சு, பறந்து போனா போச்சு, ஆட்டோ நிக்காது. யூடிபியோட விதிமுறை 1980ல வந்த ஆர்எஃப்சி 768. எழுதினவர் ஜான் போஸ்டல். மொத்தமே மூணு பக்கம்தான். டிசிபியோடது அடுத்த வருஷம், 1981ல ஆர்எஃப்சி 793ஆ வந்துச்சு. அது ஒரு முழுப் புத்தகம் மாதிரி இருக்கும்.

துப்பாக்கி கேம்ல எதிரி எங்க நிக்கறான்னு சர்வர் நொடிக்குப் பல தடவை சொல்லிக்கிட்டே இருக்கும். வாலரன்ட்ல நொடிக்கு 128 தடவை கணக்குப் போடுறாங்க. அதுல ஒண்ணு தொலைஞ்சா, அதை மறுபடி அனுப்பச் சொல்லிக் காத்திருக்கறதுல பிரயோஜனமே இல்ல. அது வந்து சேரும்போது எதிரி வேற இடத்துக்குப் போயிருப்பான். அதனால நகர்வு யூடிபியில போகும். ஆனா நீங்க காசு கொடுத்து வாங்கின ஸ்கின் "வந்தா வந்துச்சு"ன்னு போகக் கூடாதே. அது டிசிபியில போகும். வேலை வேற வேற, அதனால கனெக்ஷனும் வேற வேற.

இதை ஆரம்பத்துலயே எல்லாரும் கண்டுபிடிச்சுடல. 1997ல வந்த ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்ல நடுவுல சர்வரே கிடையாது. எட்டுப் பேர் ஆடினா ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மத்த ஏழோட பேசும். எட்டு பெருக்கல் ஏழு வகுத்தல் ரெண்டு, ஆக 28 ஜோடி. அதுவும் 28.8 கிலோபிட் மோடம்ல. நூத்துக்கணக்கான வில்லாளிகளோட இடத்தை அந்த லைன்ல அனுப்ப வழியே இல்ல. அதனால, "இந்தக் கூட்டத்தை இங்க நகர்த்து"ங்கற கட்டளையை மட்டும் அனுப்பிட்டு, மத்த கணக்கை எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி தானே போட்டுக்கும். இதுல ஒரு விலை உண்டு. எட்டுப் பேர்ல யாரோட லைன் மெதுவா இருக்கோ, அந்த வேகத்துலதான் எல்லாரும் ஆடணும். இதை எழுதினவங்களே 2001ல கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டுல ஒரு கட்டுரையா சொன்னாங்க. தேடிப் படிங்க, நம்ம டெக்ஸ்ட்புக்கை விட நல்லா புரியும்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1996 டிசம்பர்ல, க்வேக் கேமை மோடம் வெச்சிருக்கவங்களுக்காக மாத்தி க்வேக்வேர்ல்டுனு விட்டாங்க. நடுவுல ஒரு சர்வர், எல்லாரும் அதோட மட்டும் பேசுவாங்க. சர்வர் பதில் சொல்றதுக்கு முன்னாடியே உங்க கம்ப்யூட்டர் உங்களை நகர்த்திக் காட்டிடும். பதில் வந்ததும் தப்பா இருந்தா திருத்திக்கும். சில சமயம் ஓடிக்கிட்டு இருக்கும்போது சட்டுனு ரெண்டு அடி பின்னாடி இழுத்து விடுதே, அந்தத் திருத்தம்தான் அது.

எங்க ஆடுபுலி ஆட்டத்தை கோடாட் என்ஜின்ல எழுதறோம். அதுக்குள்ள இனெட்னு ஒரு லைப்ரரி இருக்கு. க்யூப்ங்கற ஒரு பழைய கேமுக்காக எழுதினது. ஒரே யூடிபி கனெக்ஷனுக்குள்ள பல சேனல் பிரிச்சுத் தரும். காய் நகர்த்தறது ஒரு சேனல், கண்டிப்பா போய்ச் சேரணும். எதிராளி விரல் இப்ப எந்தக் காய் மேல இருக்குன்னு காட்டறது இன்னொரு சேனல், தொலைஞ்சா பரவாயில்ல. சாட் மூணாவது சேனல், ஏன்னா நீளமா எழுதின ஒரு மெசேஜ் வழியில மாட்டிக்கிட்டா அதுக்காக ஆட்டம் நிக்கக் கூடாது. வெளியில இருந்து பார்த்தா ஒரு கனெக்ஷன். உள்ள மூணு க்யூ. 2021 மே மாசம் ஆர்எஃப்சி 9000ஆ வந்த க்விக், வெப்சைட்டுகளுக்குச் செய்யறதும் இதே மாதிரிதான். கேம்காரங்க ரொம்ப நாளா செஞ்சுக்கிட்டு இருந்ததை மத்தவங்க அப்புறமா முறைப்படுத்தினாங்க.

ஆனா குழாய் ஒண்ணுதான்

சரி, வேலையைப் பிரிச்சாச்சு. அப்பவும் ஏன் லேக் அடிக்குது?

நீங்க ஃபைனல் சர்க்கிள்ல இருக்கீங்க. தம்பி உள்ரூம்ல ஒரு அப்டேட் போட்டுட்டான். பிங் 40ல இருந்து 400க்குப் போகுது. உங்க கனெக்ஷன் வேற, அவன் கனெக்ஷன் வேற. ஆனா ரெண்டும் ஒரே ரவுட்டர்ல ஒரே வரிசையில நிக்குது. டிசிபியோட குணம், பேக்கெட் தொலையற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போறது. ரவுட்டர்லயோ பெரிய மெமரி. தொலைய விடாம எல்லாத்தையும் வாங்கி அடுக்கி வெச்சுக்கும். தம்பியோட நூறு பேக்கெட்டுக்குப் பின்னாடி உங்களோட ஒரே ஒரு குட்டி பேக்கெட் நிக்கும். இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர்.

இன்னொரு அநியாயமும் இருக்கு. டிசிபி நெரிசல்ல பங்கு போடறது கனெக்ஷன் கணக்குல, ஆள் கணக்குல இல்ல. டவுன்லோட் மேனேஜர் எட்டு கனெக்ஷன் திறந்தா, பந்தியில ஒரே ஆள் எட்டு இலை போட்டு உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி வரிசை வெச்சு மாத்தி மாத்தி விடற எஃப்க்யூ கோடெல்ங்கற முறை 2018ல ஆர்எஃப்சி 8290ஆ வந்துச்சு. உங்க ரவுட்டர் செட்டிங்ஸ்ல "எஸ்க்யூஎம்"னு ஒண்ணு இருந்தா போட்டு விடுங்க. இல்லன்னா தம்பிகிட்ட நைசா பேசுங்க.

ஆபத்தைப் பிரிக்கறது

இனி ரெண்டாவது காரணத்துக்கு வரேன். லைன் போயிடுச்சுன்னா என்ன பண்றது? "ரெண்டு லைன் வெச்சுக்கோ"ன்னு எல்லாரும் சொல்வாங்க.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். சீரியஸா ஆடறவர், சின்னச் சின்ன டோர்னமென்ட்ல காசு கூட ஜெயிச்சிருக்கார். ரெண்டு கம்பெனி ஃபைபர் வெச்சிருக்கார், மாசாமாசம் ரெண்டுக்கும் கட்டறார். ஒரு நாள் உயரமா லோடு ஏத்தின லாரி ஒண்ணு தெருவுக்குள்ள வந்து, தொங்கிக்கிட்டு இருந்த வயரை இழுத்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு லைனும் போச்சு. அண்ணாந்து பார்த்தா விஷயம் புரிஞ்சுது. ரெண்டு கம்பெனி, ரெண்டு பில், ரெண்டு கஸ்டமர் கேர் நம்பர். ஆனா ரெண்டு வயரும் ஒரே கரண்ட் கம்பத்துல ஒண்ணோட ஒண்ணு சுத்தித்தான் வந்துச்சு.

"அதுக்குத்தான் மொபைல் டேட்டா இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு ஏரியா முழுக்க கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிங்க. எல்லா வீட்டு வைஃபை பாக்ஸும் ஒரே நொடியில அணையும். பால்பண்ணையில இருந்து காட்டூர் வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்துல மொபைல் டேட்டாவுக்குத் தாவுவாங்க. டவர் பேட்டரியில ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், சிக்னல் நாலு கோடு காட்டும். ஆனா பிங் எகிறும். முதல் லைன் போன அதே காரணம்தான் ரெண்டாவது லைனையும் நெரிச்சிருக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் பாலத்தை வெச்சுச் சொன்னா உடனே புரியும். சத்திரம் பக்கத்துல இருந்து மாம்பழச்சாலை போற காவிரிப் பாலம் 1976ல வந்தது. 2022 செப்டம்பர்ல ரிப்பேருக்காக மூடினாங்க, 2023 மார்ச்லதான் திறந்தாங்க. அதுவரைக்கும் காரும் பஸ்ஸும் சென்னை பைபாஸ் பாலம் வழியா சுத்திக்கிட்டுப் போச்சு. ஸ்ரீரங்கத்துக்கு வழி இல்லாமப் போகல. ஆனா பால்பண்ணை, சஞ்சீவி நகர் சிக்னல்ல நின்னவங்களைக் கேளுங்க, அந்த ரெண்டாவது வழி எப்படி இருந்துச்சுன்னு. கொள்ளிடத்துல வேற கதை. 1928ல கட்டின பழைய இரும்புப் பாலத்துல ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடிஞ்சு விழுந்துச்சு. பக்கத்துலயே தனி அஸ்திவாரத்துல புதுப் பாலம் வந்து, வண்டியெல்லாம் ஏற்கெனவே அதுக்கு மாறியிருந்ததால போக்குவரத்து தப்பிச்சுது. ரெண்டு பாலம் இருக்கறது மட்டும் போதாது. ஒண்ணை இடிக்கறது இன்னொண்ணையும் இடிக்கக் கூடாது, ஒண்ணோட பாரத்தை இன்னொண்ணு தாங்கவும் வேணும்.

சரி, ரெண்டு லைனும் உண்மையாவே தனித்தனின்னு வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. டிசிபிக்கு நீங்க யார்ங்கறது நாலு விஷயம்தான்: உங்க ஐபி, உங்க போர்ட், சர்வர் ஐபி, சர்வர் போர்ட். வைஃபைல இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினதும் உங்க ஐபி மாறிடும். சர்வர் பார்வையில நீங்க செத்துப் போய், வேற யாரோ வந்து கதவைத் தட்டறாங்க. இதைச் சரி பண்ண ஒரே கனெக்ஷனை ரெண்டு வழியில ஓட்டுற மல்டிபாத் டிசிபி 2013 ஜனவரியில வந்துச்சு. அதே வருஷம் ஆப்பிள் அதை சிரிக்குப் பயன்படுத்துச்சு. ஆனா சர்வரும் அதுக்கு ஒத்துக்கணும், வரிசையில நிக்கற பழைய குணமும் கூடவே வரும். க்விக்ல ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஐபியோட சம்பந்தமில்லாத ஒரு அடையாள எண் உண்டு. வழி மாறினாலும் "நான் அதே ஆள்தான்"னு சொல்லித் தொடரலாம். எங்க ப்ராஜெக்ட்ல நாங்களும் சின்னதா ஒண்ணு செஞ்சிருக்கோம். ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு டோக்கன் கொடுத்துடுவோம். எந்த ஐபியில இருந்து வந்தாலும் டோக்கன் சரியா இருந்தா உங்க இடத்துல உங்களை உட்கார வெச்சிடுவோம்.

ரெண்டு நாள் இடைவெளியில ரெண்டு டிஸ்கனெக்ட்

இதெல்லாம் வெறும் பசங்க விளையாட்டுன்னு நினைக்கறவங்களுக்கு 2020 ஆகஸ்ட் மாசத்தை ஞாபகப்படுத்தறேன். அப்ப நான் பதினொண்ணாவது. எல்லாம் ஆன்லைன்ல நடந்த வருஷம். செஸ் ஒலிம்பியாட் கூட ஆன்லைன்ல, செஸ் டாட் காம்ல நடந்துச்சு. இந்திய டீம்ல விஸ்வநாதன் ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி, மதுரை அரவிந்த் சிதம்பரம்னு நம்ம ஆளுங்க நிறைய. ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 நொடி கூடுதல்.

செஸ்ல ஒரு நகர்த்தல் சில பைட்தான். பேண்ட்வித் ஒரு பிரச்சினையே இல்ல, லேக் கூடத் தாங்கும். ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். லைன் போனா கடிகாரம் நிக்காது.

ஆகஸ்ட் 28, கால் இறுதி, இந்தியா – ஆர்மீனியா. நிஹால் சரினோட ஆடிக்கிட்டு இருந்த ஆர்மீனியாவோட ஹைக் மார்டிரோசியனுக்கு கனெக்ஷன் போயிடுச்சு, ஆட்டம் போச்சு. ஆர்மீனியா அப்பீல் பண்ணுச்சு. தள்ளுபடி. கோபத்துல ரெண்டாவது சுற்று ஆடாமலே வெளியேறினாங்க. இந்தியா அரை இறுதிக்குப் போய், போலந்தையும் ஜெயிச்சுது.

ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை, ரஷ்யாவோட ஃபைனல். முதல் சுற்று 3–3. ரெண்டாவது சுற்றுல அதே நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் கனெக்ஷன் போச்சு. டைம் முடிஞ்சு ரெண்டு பேரும் தோத்ததா காட்டுச்சு, ரஷ்யா ஜெயிச்சதா அறிவிச்சாங்க. இந்தியா அப்பீல் பண்ணுச்சு. இந்தத் தடவை ஃபிடே தலைவர் அர்காடி த்வோர்கோவிச் ரெண்டு நாட்டுக்கும் சேர்த்துத் தங்கம்னு முடிவு சொன்னார்.

ரெண்டு நாளைக்குள்ள, கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்த விஷயத்துக்கு ரெண்டு வேற தீர்ப்பு. ஏன்? முதல் தடவை ஒரே ஒரு ஆளோட லைன் போச்சு. ரெண்டாவது தடவை, உலகம் முழுக்க நெட் தடுமாறிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நம்ம நேரப்படி மத்தியானம் மூன்றரை மணி வாக்குல அமெரிக்காவோட செஞ்சுரிலிங்க்ங்கற பெரிய நெட்வொர்க் விழுந்துச்சு. க்ளவுட்ஃப்ளேர் வழியா போற எத்தனையோ தளங்கள் பல மணி நேரம் தடுமாறுச்சு. ரெண்டு பேரும் மேசை மேல நாலு டாங்கிள் வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. க்ளவுட்ஃப்ளேர் ஒரே லைனை நம்பி இருக்கற கம்பெனி இல்ல. பல நெட்வொர்க்கோட ஒரே நேரத்துல கனெக்ஷன் வெச்சிருக்கறதுதான் அவங்க தொழிலே. செஞ்சுரிலிங்க் விழுந்ததும் அதுல இருந்து தங்களைக் கழட்டிக்கிட்டாங்க. ஆனா செஞ்சுரிலிங்க் ரவுட்டர்கள், "க்ளவுட்ஃப்ளேருக்கு வழி இங்கதான் இருக்கு"ன்னு பழைய தகவலையே அறிவிச்சுக்கிட்டு இருந்துச்சு. பல வழி திறந்திருந்தும், மூடின வழியைக் காட்டுற போர்டை யாராலயும் கழட்ட முடியல. இதை அவங்களே பின்னாடி விவரமா எழுதினாங்க. உலகத்துலயே பெரிய ஆளுங்களுக்கே "ரெண்டு லைன் இருக்கு"ங்கறது முழு பாதுகாப்பா இருக்கல.

எங்க ஈவென்ட்ல வந்த வழக்கு

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். எங்க ஆடுபுலி ஆட்டத்தையே ஒரு நான்-டெக் ஈவென்டா வெச்சோம். முதல் சுற்று ஆன்லைன்ல, அவங்கவங்க வீட்டுல இருந்து. அந்த ஒலிம்பியாட் கதை தெரிஞ்சதால, டிஸ்கனெக்டுக்கு ரூல் முன்னாடியே எழுதி, ரெஜிஸ்டர் பண்ண எல்லாருக்கும் அனுப்பிட்டோம். ஒரே ஆள் போனா, மூணு நிமிஷம் காத்திருப்போம், அப்புறம் அவர் கடிகாரம் ஓடும். பல பேர் ஒரே நொடியில போனா அது சர்வர் கோளாறு, எல்லா ஆட்டமும் விட்ட இடத்துல இருந்து தொடரும். ஒரு ஏரியாவுக்கே கரண்ட் போச்சுன்னு தெரிஞ்சா, அதுவும் விட்ட இடத்துல இருந்து.

அந்த மூணாவது வரிதான் சண்டைக்கு வந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுற்று பாதியில. சர்வர் லாக்ல பார்க்கறேன், மூணு பேர் ஒரே நிமிஷத்துக்குள்ள போறாங்க. மூணு பேரும் அரியமங்கலம், காட்டூர் பக்கம். எங்க வீட்டு ஃபேனும் நின்னுச்சு, அதனால சந்தேகமே இல்ல. அதுல ஒருத்தி ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. ஆட்டுப் பக்கம் ஆடி, ரெண்டு புலியை அடைச்சு வெச்சிருந்தா. மொபைல் டேட்டாவுல வர முயற்சி பண்ணி, டவர் நெரிசல்ல முடியாம, இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் வந்து சேர்ந்தா.

எதிராளி தேர்ட் இயர் தம்பி. அவன் கேட்டது இது: "அண்ணா, எங்க வீட்டுலயும்தான் கரண்ட் போச்சு. நான் இன்வெர்ட்டர்ல வைஃபை வெச்சிருக்கேன், வேற கம்பெனி சிம் தனியா வெச்சிருக்கேன். ரெடியா இருந்தது என் தப்பா?"

அவன் கேட்டதுல நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். தயாரா இருக்கறதும் திறமைதான். ஆனா அந்தத் தயாரிப்போட விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. இன்வெர்ட்டர், ரெண்டாவது சிம், ரெண்டாவது ரீசார்ஜ். என் க்ளாஸ்மேட் ஒருத்தன் முசிறி தாண்டி ஒரு கிராமத்துல இருந்து வர்றான். அவங்க ஊர்ல ஒரே ஒரு கம்பெனி டவர்தான் எடுக்கும். அவன் எவ்வளவு காசு வெச்சிருந்தாலும் ரெண்டாவது லைனை வாங்கவே முடியாது. "பேக்கப் வெச்சுக்கறது உன் பொறுப்பு"ன்னு ரூல் எழுதினா, ஆடுபுலி ஆட்டத்துல யார் கெட்டிக்காரர்ங்கற போட்டி, யார் வீடு எங்க இருக்குங்கற போட்டியா மாறிடும்.

ரூல் முன்னாடியே இருந்ததால, விட்ட இடத்துல இருந்து, விட்ட கடிகாரத்தோட ஆட்டத்தைத் தொடர வெச்சோம். கடைசியில அந்தத் தம்பிதான் ஆறாவது ஆட்டை வெட்டி ஜெயிச்சான். இன்னிக்கும் கேன்டீன்ல பார்த்தா, "அண்ணா, அந்த ரூல் தப்புண்ணா"ன்னு சொல்லிட்டுத்தான் டீ குடிக்கறான். எங்க வாக்குவாதம் இன்னும் முடியல.

இது கேமோட நிக்கற விஷயமும் இல்ல. ப்ளேஸ்மென்ட் சீசன்ல ஆன்லைன் டெஸ்ட் எழுதினவங்களுக்குத் தெரியும். இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்ல ஒரு வரி இருக்கும்: இணைய இணைப்பு தேர்வரின் பொறுப்பு. எங்க பேட்ச்ல ஒருத்தனுக்கு கோடிங் ரவுண்ட் நடுவுல லைன் போச்சு. திரும்பி வந்தப்ப டைமர் முடிஞ்சிருந்துச்சு. மெயில் அனுப்பினான், அதே வரியை காப்பி பண்ணி பதில் வந்துச்சு. போனது அவன் லைன் மட்டுமா, ஏரியாவா, அவங்க சர்வரான்னு யாரும் லாக்கைத் திறந்து பார்க்கல. ஒரு ஆடுபுலி ஆட்டத்துக்கு நாங்க பார்த்த அளவு கூட.

உங்களால என்ன பண்ண முடியும்?

ஆடறவங்களுக்கு: இன்னிக்கு சாயங்காலம் வெளிய வந்து கம்பத்தை அண்ணாந்து பாருங்க. உங்க ரெண்டு லைனும் ஒரே கம்பத்துல வருதுன்னா, ரெண்டாவது ஃபைபருக்குக் கட்டற காசை வேற கம்பெனி சிம்முக்குக் கொடுங்க. அப்புறம், ரெண்டு லைன்லயும் ஒரே சர்வருக்கு ட்ரேஸ்ரூட் அடிச்சுப் பாருங்க. நடுவுல வர்ற பேர்கள் ஒண்ணா இருந்தா, கம்பெனி பேர் மட்டும்தான் வேற. வைஃபை பாக்ஸுக்குன்னே சின்ன யூபிஎஸ் கிடைக்குது. கரண்ட் போனா டவர்ல கூட்டம் சேரும், உங்க ஃபைபர் உயிரோட இருக்கும்.

கேம் எழுதறவங்களுக்கு: ஐபியை வெச்சு ஆளை அடையாளம் காணாதீங்க, டோக்கன் கொடுங்க. டிஸ்கனெக்ட் ஆன நேரத்தை நொடியோட லாக்ல எழுதுங்க. ஒருத்தர் போனாரா, ஒரு ஏரியா போச்சா, எல்லாரும் போனாங்களான்னு அந்த ஒரு வரி சொல்லிடும்.

ஈவென்ட் நடத்தறவங்களுக்கு: ரூலை முன்னாடியே எழுதுங்க. சண்டை வந்த பிறகு எழுதினா, ரூல் யாரோ ஒருத்தர் முகத்தைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

அடுத்த வருஷ சிம்போசியத்தை நடத்தப் போறது நீங்கதான் ஜூனியர்ஸ். எங்க ரூல் ஷீட்டும் சர்வர் கோடும் டிபார்ட்மென்ட் டிரைவ்ல இருக்கு. அந்த மூணாவது வரியை வெச்சுக்கறதா, எடுக்கறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க. எடுக்கறதா இருந்தா, முசிறி தாண்டி இருக்கற அந்த ஊர்ல ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துட்டு எடுங்க.